விஸ்கிடவுன் அருவி: நாற்பது ஆண்டு கண்ணில் படாத 220 அடி

வடக்குக் கலிபோர்னியாவில் ரெட்டிங் நகருக்கு மேற்கே விஸ்கிடவுன் என்றொரு தேசியப் பொழுதுபோக்குப் பகுதி இருக்கிறது. பரப்பு சுமார் 42,000 ஏக்கர், அதாவது 170 சதுர கி.மீ. நடுவே ஓர் அணைக்கட்டு ஏரி. அந்த அணையை 1963 செப்டம்பரில் ஜனாதிபதி கென்னடியே நேரில் வந்து அர்ப்பணித்து வைத்தார். படகு, மீன்பிடிப்பு, நீச்சல் என்று ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லாத இடம். அப்படிப்பட்ட இடத்துக்குள் 220 அடி உயர அருவி ஒன்று விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பூங்காவை நடத்தியவர்களுக்கே ஏறக்குறைய நாற்பது ஆண்டு அது தெரியாது. 2004இல்தான் திரும்பக் கிடைத்தது.

காட்டுச்சாலை ஓரங்களில் அருவி தேடுகிறவர்கள் இந்தச் சம்பவத்தைப் பேசும்போது, "இன்னும் எத்தனை ஒளிந்திருக்கோ!" என்று கண்கள் விரிய நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிட, தேடியவர்கள் முதலில் எதை நம்பினார்கள், அடுத்து எதை நம்பினார்கள் என்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. வரைபடத்தில் யாரோ போட்ட குறியை நம்பிப் போனார்கள், அருவி இல்லை. நிலத்தின் சரிவைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அருவி இருந்தது. நடந்தது இவ்வளவுதான்.

எப்படித் தொலைந்தது

220 அடி, கிட்டத்தட்ட 67 மீட்டர். இவ்வளவு பெரிய ஒன்று எப்படித் தொலையும்? அருவி அங்கேயேதான் இருந்தது. தொலைந்தது அதற்குப் போன சாலை.

பூங்கா வருவதற்கு முன், 1950களில் அந்தப் பக்கம் மரம் வெட்டும் வேலை நடந்தது. வெட்டியவர்களுக்கு அருவி தெரியும். மரம் ஏற்றும் லாரிக்காகச் சரிவைக் குடைந்து பாதை போட்டிருந்தார்கள். 1965இல் அந்த நிலம் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியானது. வெட்டு நின்றது, லாரி நின்றது, அருவியைப் பார்த்தவர்களும் வேறு ஊர், வேறு வேலை என்று கலைந்து போனார்கள்.

கவனிப்பாரில்லாத காட்டுச்சாலை போய்ச் சேரும் விதம் எங்கும் ஒன்றுதான். முதலில், சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீரைக் கடத்தும் குழாய் இலையும் குச்சியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சாலைக்கு மேலே ஏறி ஓடும், வெளி ஓரத்தை அரிக்கும், ஒரு பெருமழையில் அந்தத் துண்டு அப்படியே கீழே போய்விடும். சரிந்த இடத்துக்கு அப்பால் எவ்வளவு நல்ல சாலை மிச்சமிருந்தாலும் வண்டி போகாது. வண்டி போகாத சாலையில் புதர் ஏறும். வடக்குக் கலிபோர்னியாவில் மான்சனீட்டா என்ற புதர் உண்டு: செம்பழுப்புப் பட்டை, இரும்புக்கம்பி மாதிரிக் கிளை, இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். அதற்குள் பத்தடி போவதே பாடு. இருபது வருஷம் கழித்து, சரிவில் மேசை போட்டதுபோல் ஒரு சமதளப் பட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் அது சாலை என்று தெரியும். காட்டில் நடக்கும்போது சரிவுக்குக் குறுக்கே திடீரென்று கால் சமமாக நடக்கத் தொடங்கினால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பது நல்லது. இயற்கை அப்படி அளவெடுத்துச் சமம் செய்வது அபூர்வம்.

அலமாரி வரைபடம்

பூங்காவில் வேலை பார்த்த வனவிலங்கு உயிரியலாளர் ஒருவர் இந்த அருவியைப் பற்றி வாய்ப்பேச்சாகக் கேள்விப்பட்டிருந்தார். 2000களின் தொடக்கத்தில் பழைய அலமாரி ஒன்றைச் சுத்தம் செய்தபோது 1960களின் வரைபடம் கையில் கிடைத்தது. அதில் அருவி என்று ஓரிடத்தில் குறி இருந்தது. பூங்காவின் புவியியலாளரைச் சேர்த்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். அங்கே அருவி இல்லை.

பெரும்பாலோர் இந்த இடத்தில் விட்டிருப்பார்கள். கிழவர் கதை, அத்தோடு யாரோ தப்பாகப் போட்ட குறி என்று முடித்துக்கொள்வது சுலபம். இவர்கள் விடவில்லை. வான்வழிப் படங்களையும் வரைபட மென்பொருளையும் வைத்து, ஓடை எங்கே சட்டென்று செங்குத்தாகிறது என்று தேடினார்கள். அப்படிச் சந்தேகப்பட்ட இடத்துக்குத் திரும்பவும் நடந்தார்கள். கிரிஸ்டல் க்ரீக் என்ற ஓடையில், கிரானைட் வகைப் பாறையில் தட்டுத் தட்டாக இறங்கிக்கொண்டிருந்தது அருவி.

குறி ஏன் ஏமாற்றும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் வழக்கமான விரிவான வரைபடம் 1:24,000 அளவுத்திட்டம். தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 24 மீட்டர். பேனாக்காரர் அரை சென்டிமீட்டர் தள்ளிக் குறித்தால் தரையில் 120 மீட்டர் பிசகு. சமவெளியில் 120 மீட்டர் ஒன்றுமில்லை, தலையைத் திருப்பினால் போதும். பள்ளத்தாக்கில் கதையே வேறு. ஓடை ஒரு வளைவு வளைந்திருந்தால் அருவி கண்ணில் படாது, சத்தமும் பாறை முதுகுக்குப் பின்னால் அடங்கிவிடும். காலடியில் ஓடும் ஓடையே போதுமான இரைச்சல் போடும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குறித்திருந்தால் பக்கத்து ஓடையிலேயே தேடிக்கொண்டிருப்போம்.

ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளுக்கும் ஒரு தந்திரம் உண்டு. மலைப்பகுதி வரைபடங்களில் கோட்டுக்குக் கோடு பெரும்பாலும் 40 அடி வித்தியாசம். 35 அடி அருவி இரண்டு கோடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும், வரைபடத்தில் ஒரு சுவடும் இராது. 220 அடி அருவியென்றால் ஐந்து கோடு. அவை ஓடையின் மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய கோடுகள் பெரும்பாலும் விமானப் படங்களைப் பார்த்து வரையப்பட்டவை. விமானத்துக்குத் தெரிந்தது மர உச்சிதான், தரை இல்லை. அடர்ந்த காட்டில் வரைந்தவர் ஒரு மாதிரி அனுமானித்துக் கோட்டைச் சீராக இழுத்துவிட்டுப் போயிருப்பார். செங்குத்துப் பாறை மழுங்கிப்போய் வெறும் சரிவாகப் பதிவாகிவிடும். அதனால் பழைய வரைபடத்தில் ஓடை மேல் மூன்று கோடு நெருங்கியிருந்தாலே, தரையில் அதைவிடச் செங்குத்தாக இருக்கும் என்று வைத்துக்கொள்வேன்.

இன்று என்றால் இதே வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். லிடார் என்ற லேசர் அளவீட்டில் விமானத்திலிருந்து அனுப்பும் ஒளித்துடிப்புகளில் கொஞ்சம் இலை இடுக்குகள் வழியே தரைவரை போய்த் திரும்பும். அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் மரமே இல்லாத மொட்டை நிலம் திரையில் வரும். செத்துப்போன லாரிப் பாதைகள் சரிவில் கீறியதுபோல் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவின் பல பகுதிகளுக்கு ஒரு மீட்டர் நுணுக்கத்தில் இந்தத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஓடையின் மேல் கோடு இழுத்து, தூரம் போகப் போக உயரம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் பக்கத்தோற்றத்தைப் பார்த்தால் போதும். மலை ஓடை நூறு மீட்டர் தூரத்துக்குப் பத்து இருபது மீட்டர் இறங்கிக்கொண்டே வரும். முப்பது மீட்டர் தூரத்துக்குள் முப்பது மீட்டருக்கு மேல் விழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

அப்புறம் நீர்ப்பிடிப்பு. இதைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள் நிறைய. எவ்வளவு அழகான செங்குத்துப் பாறை கிடைத்தாலும் அதற்கு மேலே தண்ணீர் சேரும் பரப்பு சின்னதாக இருந்தால் மழை நின்ற சில வாரங்களில் ஈரக்கறைதான் மிஞ்சும். கலிபோர்னியாவின் இந்தப் பகுதியில் மழை பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மேலே பனி இருந்தால் மே வரை இழுக்கும். ஜூலை, ஆகஸ்ட் வறட்சி. வான்வழிப் படத்தில் வெள்ளைக் கீற்று தேடும்போதும் இதையே நினைவில் வைக்க வேண்டும். ஆகஸ்ட் படத்தில் கீற்று இல்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஏப்ரல் படத்திலும் இல்லையென்றால் நிழலா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆழமான இடுக்குகளில் நிழல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

சாலை கையில் இருக்கும்போது

விஸ்கிடவுன் தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஷாஸ்டா-டிரினிட்டி தேசியக் காடும் இருக்கிறது, அது அமெரிக்க வனச் சேவையின் பொறுப்பு. இரண்டுக்கும் விதி வேறு. நாடு முழுக்க வனச் சேவையின் கையில் சுமார் 370,000 மைல் சாலை இருக்கிறது, கி.மீ. கணக்கில் ஆறு லட்சத்தை நெருங்கும். இதில் பெரும்பகுதி மரம் வெட்டுவதற்காகப் போட்டவை. கைப்பேசி வரைபடம் இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் சாம்பல் கோடாகக் காட்டும். அங்கேதான் வம்பே.

நம்ப வேண்டியது வனச் சேவை வெளியிடும் வாகனப் பயன்பாட்டு வரைபடம். 2005இல் வந்த விதிக்குப் பிறகு எந்தச் சாலையில் எந்த வண்டி எந்த மாதங்களில் போகலாம் என்பதற்கு அதுதான் சட்டப்படி ஆதாரம். கறுப்பு வெள்ளையில், பார்க்கவே சலிப்பூட்டும் தாள். ஆனால் அதில் இல்லாத சாலை, தரையில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டிக்குத் திறந்த சாலை இல்லை. பூட்டிய கேட்டை மறிக்காமல் ஓரமாக நிறுத்திவிட்டு நடப்பது பல இடங்களில் அனுமதிக்கப்பட்டதே. பழைய லாரிப் பாதை வண்டிக்கு உதவாவிட்டாலும் நடக்கச் சௌகரியம்.

சாலை எண் பலகையிலேயே ஒரு தகவல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. எண்கள் பக்கவாட்டில் படுத்திருந்தால் சாதாரணக் காருக்கும் ஏற்ற சாலை. ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக எழுதியிருந்தால் தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும், பராமரிப்பும் அந்த அளவில்தான் இருக்கும். திருப்பத்தில் பலகையைப் பார்த்த உடனே முடிவு செய்துவிடலாம். மற்றபடி, திருப்ப இடம் தெரியாத கிளைச்சாலையில் வண்டியை விடாமல் இருப்பது, ஏறிவரும் மரலாரிக்கு ஓரங்கட்டுவது, திறந்திருக்கும் கேட் மாலையில் பூட்டப்படலாம் என்று கேட்டு வைத்துக்கொள்வது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படம்

விஸ்கிடவுனில் 2005இல் செய்தி வெளியானது, 2006இல் பாதை திறந்தார்கள். கென்னடி ஆட்சியில் உள்துறைத் துணைச் செயலராக இருந்த ஜேம்ஸ் கே. கார் பெயரில் அந்தப் பாதை இருக்கிறது. போக 2.7 கி.மீ., ஏற்றம் சுமார் 700 அடி. தூரம் குறைவு என்று லேசாக எண்ணக் கூடாது, சில இடங்களில் நல்ல மூச்சு வாங்கும். கடைசியில் அருவியை ஒட்டியே படி அமைத்துக் கைப்பிடிக் கம்பி போட்டு மேலே இரண்டு திட்டுகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு ஓவியர் திட்டு, இன்னொன்றுக்குப் புகைப்படக்காரர் திட்டு என்றே பெயர். படமெடுக்க எங்கே ஏற ஆசைப்படுவார்கள் என்று யோசித்து, ஈரப்பாறையில் ஏற விடாமல் அங்கேயே கம்பி போட்டது புத்திசாலித்தனமான வேலை.

தட்டுத்தட்டாக இறங்கும் அருவியைப் படமெடுப்பதில் இருக்கும் சங்கடம் இது: அடிவாரத்தில் நின்றால் கீழ்த்தட்டு பெரிதாகத் தெரியும், மேல்தட்டுகள் ஒன்றின்பின் ஒன்று ஒளிந்துகொள்ளும். அகலக் கோண லென்ஸ் போட்டால் இன்னும் மோசம், மேல் பாதி எங்கோ ஓடிப்போய்ச் சுருங்கிவிடும். முழு உயரத்தையும் காட்ட வேண்டுமென்றால் பின்னால் தள்ளி, சற்று மேடான இடத்திலிருந்து 50 முதல் 85 மி.மீ. வரையிலான லென்ஸில் எடுப்பதுதான் நியாயம். பள்ளத்தாக்கு அதற்கு இடம் தராவிட்டால் முழு அருவி என்ற ஆசையை விட்டுவிட்டு ஒரு தட்டை மட்டும் எடுப்பது மேல். பக்கவாட்டுத் திட்டிலிருந்து, தண்ணீர் பாறை விளிம்பைத் தாண்டும் இடம் மட்டும் சட்டத்தில் இருக்கும் படம், அடியிலிருந்து எடுத்த முழுப்படத்தைவிட உயரத்தை நன்றாகச் சொல்லும். ஓரத்தில் ஓர் ஆள் நின்றால் இன்னும் தெளிவு. ஆளில்லாத அருவிப் படத்தில் இருபது அடியா இருநூறு அடியா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளிச்சம். மேகமூட்டமான நாளே நல்ல நாள். வெயில் நாளில் நுரைக்கும் மரநிழலுக்கும் இடையே வித்தியாசம் கேமரா தாங்கும் அளவைத் தாண்டிவிடும். வெள்ளை வெளுத்துப்போகும், இல்லாவிட்டால் பாறை கரியாகும். மேகம் கவிந்த காட்டுப் பள்ளத்தில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 என்று வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/8 நொடி வரும். போலரைசர் ஃபில்டர் போட்டால் அது இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு வெளிச்சத்தைத் தின்று அரை நொடியாகும். தண்ணீர் மென்மையாகவும் வேண்டும், இழை இழையாகவும் தெரிய வேண்டும் என்றால் கால் நொடிக்கும் அரை நொடிக்கும் நடுவில்தான் விளையாட வேண்டும். நான்கைந்து நொடி வைத்துப் பஞ்சுமிட்டாய் செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. தட்டுத்தட்டாக விழும் அருவியின் அமைப்பே அதில் போய்விடும். போலரைசரை நிறத்துக்காகப் போடுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் ஈரப்பாறையிலும் நனைந்த இலையிலும் படியும் வெண்பளபளப்பை அது எடுத்துவிடும், அடியில் இருந்த நிறம் தானாக மேலே வரும். வளையத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒரே ஒரு பாறையைப் பாருங்கள். வெள்ளித்தகடாக மின்னியது ஓரிடத்தில் சட்டென்று கரும்பழுப்பாகி, பாசி தெரிய ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிடலாம்.

நிழலில் எடுத்த படம் நீலம் பாய்ந்து வரும். ரா வடிவில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்து வெண்சமநிலையை வீட்டில் 6,500 கெல்வினுக்கு மேலே ஏற்றிச் சரிசெய்துகொள்ளலாம். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் வலது ஓரம் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் அங்கேயே பார்க்க வேண்டும். முழுதாக வெளுத்துப்போன நுரையில் எந்த மென்பொருளாலும் இழையைத் திரும்ப வரைய முடியாது.

சாரல்தான் உண்மையான எதிரி. பெருவெள்ளக் காலத்தில் அருவியின் அடியில் காற்றே தண்ணீராக வீசும். லென்ஸை அருவிக்கு முதுகு காட்டி வைத்துத் துடைத்து, மூடியோடு திருப்பி, மூடியை எடுத்த கையோடு ஷட்டரை அமுக்குவது தவிர வேறு வழி இல்லை. ட்ரைபாட் காலை ஓடும் தண்ணீரில் ஊன்றினால் கண்ணுக்குத் தெரியாத அதிர்வு இருக்கும், அரை நொடிப் படத்தில் அது பாறை விளிம்பில் தெரிந்துவிடும். காலைக் கல்லிடுக்கில் அழுத்தி, நடுத்தண்டை ஏற்றாமல் எடுத்தால் போதும்.

தேடலுக்குப் பயன்பட்ட வரைபடமே வெளிச்சத்தைக் கணிக்கவும் உதவும். அருவி எந்தத் திசை பார்த்து விழுகிறது, எதிர்ச்சரிவு எவ்வளவு உயரம் என்பது அதிலேயே இருக்கிறது. வடக்கு பார்த்த ஆழமான இடுக்கென்றால் நாள் முழுக்க நிழல், எந்த நேரம் போனாலும் சரி. கிழக்கு பார்த்தது என்றால் வெயில் ஏறுவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். வானவில் வேண்டுமென்றால் கணக்கு எளிது: சூரியன் முதுகுக்குப் பின்னால், சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியிலிருந்து 42 பாகை சுற்றில் வில் நிற்கும். சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால், நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் வில் இராது. மேல் திட்டிலிருந்து சாரலைக் குனிந்து பார்த்தால் மட்டும் கிடைக்கும்.

உயரம்

முதல் செய்திகளில் விஸ்கிடவுன் அருவிக்கு 400 அடி என்று போட்டார்கள். இன்று பூங்கா சொல்வது 220 அடி. கிட்டத்தட்ட பாதி. அருவி வேட்டையில் இது புதிதில்லை. புதிதாகக் கிடைத்த அருவிக்கு முதலில் சொல்லப்படும் உயரத்தை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அருவிக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் வேகமான சறுக்கு ஓட்டத்தையும் சேர்த்து எண்ணினால் எண் சுலபமாக இரட்டிப்பாகும். சமஉயரக் கோட்டை எண்ணி உயரம் சொன்னால் இரண்டு பக்கமும் தலா ஒரு கோடு அதிகமாகச் சேர்ந்தாலே 80 அடி கூடிவிடும்.

கோணம் வைத்து அளப்பதிலும் தட்டு அருவி ஏமாற்றும், ஆனால் எதிர்த்திசையில். அடியிலிருந்து 60 மீட்டர் தள்ளி நின்று உச்சியை 40 பாகையில் பார்த்தால் கணக்கு 50 மீட்டர் என்று சொல்லும். உச்சி அடிக்கு நேர் மேலே இருந்தால்தான் அது சரி. தட்டு அருவியில் உச்சி 30 மீட்டர் உள்ளே தள்ளி இருக்கலாம். அப்போது கிடைத்தூரம் 90, உயரம் 75 மீட்டருக்கு மேல். ஒரே கோணம், பாதிக்குப் பாதி வித்தியாசம். லேசர் தூரமானி இதைத் தீர்க்கும், ஆனால் சாரல் பறக்கும் இடத்தில் கதிர் தண்ணீர்த் துளியில் பட்டே திரும்பி வந்துவிடும். நுரையை விட்டுவிட்டு அருகிலுள்ள வறண்ட பாறையைக் குறிவைத்து, உச்சிக்கும் அடிக்கும் தனித்தனியாக அளந்து, பல தடவை எடுத்ததில் ஒத்துவரும் எண்ணை வைத்துக்கொள்வதே வழக்கம்.

எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுவரை அளந்தோம் என்று எழுதி வைக்காத உயர எண் அடுத்தவருக்கு உதவாது. படத்துக்கும் அப்படித்தான். தேதி, முந்தைய வாரம் மழை உண்டா, நின்ற இடம், லென்ஸ் அளவு, இவை படத்தோடு இருந்தால் ஐந்து வருஷம் கழித்து அதே இடத்தில் நின்று ஒப்பிடலாம். விஸ்கிடவுனுக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2018 ஜூலை 23 அன்று அந்தப் பூங்காவுக்குள் தொடங்கிய, 'கார்' (Carr) என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ மொத்தம் 2,29,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, பூங்காவின் பெரும்பகுதியும் அதில் போனது. பொதுவாக, தீ தின்ற சரிவில் கூரையாக இருந்த மரம் போனதும் வெளிச்சம் மாறும், மழைக்கு மண் இறங்கி ஓடை கலங்கும், பாறைத் தட்டுகளில் கட்டையும் கல்லும் வந்து அடையும். 2018க்கு முன் அந்தப் பூங்காவின் ஓடைகளைத் தேதியோடு எடுத்து வைத்தவர்களின் படங்களைத்தான் பின்னால் போகிறவர்கள் அருகில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.